ளாத் கரையேறிய கதை

'ள்' என்று சொல்லத் தொடங்குங்கள். சொல்லி முடிக்காமல், நாக்கை அது இருக்கிற இடத்திலேயே பிடித்துவைத்துக்கொண்டு, வாயால் காற்றை வெடுக்கென்று உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்களில், கடைவாய்ப் பல்லை ஒட்டி, சில்லென்று குளிரும். இனி 'ழ்' சொல்லி அதேபோல இழுத்துப் பாருங்கள். குளிர்ச்சி நடுநாக்கில் தெரியும். 'ட்' சொல்லி இழுக்கப் போனால் காற்றே வராது. நாக்கு வழியை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். மூன்றிலும் நாநுனி மேல்நோக்கி வளைகிறது, காற்றுப் போகும் வழிதான் மாறுகிறது. ஒலியியலின் முதல் பாடத்துக்கு ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை. ஒரு வாயும், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று கவலைப்படாத மனமும் போதும்.

'ள்' போல, காற்று நாவின் பக்கத்தால் போகும் ஒலிகளை மருங்கொலி என்பார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு குளிர்ச்சியின் பின்னால்தான் போகப்போகிறது.

நிந்தவூரில் ஓர் உம்மா மகனிடம் சொல்கிறா: "வுளு எடுத்துட்டு வா மனே, லுஹருக்கு வக்து வந்துட்டு." தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவுவது வுளு. கட்டாயக் கடமை பர்ளு. தவறிப்போனதைப் பிறகு நிறைவேற்றுவது களா. முற்பகலில் தொழுவது ளுஹா. நோன்பு மாதம் றமளான். எல்லாம் அறபியில் இருந்து வந்த சொற்கள். அறபியில் எழுதினால் இந்த ஐந்திலும் ஒரே எழுத்து வரும். குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகள் 'ஸாத், ளாத்' என்று சேர்த்து ஓதுகிறார்களே, அந்த ளாத். ஆனால் இன்று கெய்ரோவில் ஒருவர் அந்த எழுத்தைச் சொல்லக் கேட்டால் காதில் விழுவது ளகரம் அல்ல. 'பந்து' என்ற சொல்லில் வரும் தகரத்தை, நாவின் அடிப்பகுதியைத் தொண்டைப் பக்கம் இழுத்துக் கனமாகச் சொன்னால் வருகிற ஒலி அது. அவர் வாயில் காற்று பக்கத்தால் போவதே இல்லை. அப்படியென்றால் நம்முடைய ளகரம் எங்கிருந்து வந்தது?

வழக்கமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: "நம்மட சனங்களுக்கு அறபு உச்சரிப்பு வராது, பிழையாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள்." மொழியியல் படிப்பவர் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் இந்தப் பதில்தான். ஒருவர் இருவர் சொன்னால் பிழை. ஒரு கடற்கரை முழுவதும், பல தலைமுறையாக, ஒரே எழுத்துக்கு ஒரே ஒலியைச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது, காரணத்தைத் தேட வேண்டும்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. நிந்தவூர் அம்பாறை மாவட்டக் கரையில், கல்முனைக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கே காரைதீவு, மேற்கே வயல்வெளியைத் தாண்டிச் சம்மாந்துறை, தெற்கே ஒலுவில். நெல்லும் கடலும் சோறு போடும் ஊர். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முன் எல்லாம் மட்டக்களப்பு. அதனால் இந்தக் கரைப் பேச்சை மொழியியலாளர்கள் இன்றைக்கும் மட்டக்களப்புத் தமிழ் என்றே குறிப்பிடுகிறார்கள். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்று 1960களில் எழுதினார். அந்தத் தமிழுக்குள்ளேயே முஸ்லிம்களின் பேச்சு ஒரு தனிக் கிளை. அதை உள்ளிருந்தே ஆராய்ந்தவர் கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான். கவிஞராகத்தான் பலருக்கு அவரைத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த மொழியியலாளர் அவர். இலங்கை முஸ்லிம்களின் தமிழை வடகிழக்கு, தெற்கு என்று இரண்டு பெரும் வகையாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே.

இனி ளகரத்துக்கு வருவோம்.

ஒரு மொழிச் சொல் இன்னொரு மொழிக்குள் வரும்போது வந்த வடிவத்திலேயே தங்குவதில்லை. ரஷ்ய மொழியியலாளர் நிக்கொலாய் திருபெத்ஸ்கோய், அவர் இறந்த மறு ஆண்டு, 1939இல் வெளியான ஒலியனியல் நூலில் இதை ஒரு சல்லடை என்று வருணித்தார். நம் காதில் தாய்மொழியின் சல்லடை ஒன்று இருக்கிறது, அந்நிய ஒலிகள் அதில் விழுந்துதான் உள்ளே வரும். தமிழ்ச் சல்லடையின் வேலையை அறபுச் சொற்களில் துல்லியமாகப் பார்க்கலாம். அறபியில் புதைகுழியைக் குறிக்கும் 'கப்ர்' ஒரே அசை. சொல்லின் இறுதியில் இரண்டு மெய் அடுக்கி நிற்பது தமிழ் நாக்குக்கு ஒத்துவராது. நடுவில் ஓர் உகரம், கடைசியில் ஓர் உகரம், ஆக 'கபுறு'. நேரத்தைக் குறிக்கும் 'வக்த்' 'வக்து' ஆனது. இறந்தவரைக் குறிக்கும் 'மய்யித்' 'மையித்து' ஆனது. வல்லினத்தில் முடியும் சொல்லுக்கு உகரம் ஒன்று கொடுத்து விடுவது தொல்காப்பியர் காலத்துக் குற்றியலுகரப் பழக்கம். 'பஸ்' 'பஸ்ஸு' ஆவதும் அதே பழக்கத்தால். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன விதி தெருவில் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. 'ஃபர்ள்' என்பதன் பல்லிதழ் ஒலியும் தமிழ்க் காதில் பகரமாகத்தான் விழுந்தது. அறபியின் தொண்டை ஒலியான ஐன் வழியிலேயே உதிர்ந்து, 'துஆ' என்ற சொல்லில் வெறும் உயிராக நின்றுவிட்டது.

ளாத்தும் இப்படிச் சல்லடையில் மாறிய ஒலிதானா? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. அறபியில் சாதாரண தகரத்துக்கும் ஓர் எழுத்து உண்டு, தால் என்று பெயர். அந்த எழுத்து வரும் சொற்கள் தமிழில் என்னவாயின? துனியா, மத்ரஸா, ஹதீஸ், மஸ்ஜித். எல்லாம் தகரம். கனமாகச் சொல்லப்படும் இன்னொரு தகர எழுத்தும் உண்டு. அது வரும் தவாப், சுல்தான் என்பவற்றிலும் நமக்குத் தகரம்தான். ஆக, அறபித் தகர வகைகள் எல்லாம் தமிழில் தகரமாகவே வந்திருக்கின்றன. ளாத்தையும் நம் முன்னோர் ஒரு தகரமாகக் கேட்டிருந்தால் 'றமதான்' என்றும் 'வுது' என்றும் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை.

இரண்டு உயிருக்கு நடுவில் வரும் டகரம் மெலிந்து ஒலிக்கும், அதுவே ளகரமாக மாறியிருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். அதுவும் நிற்காது. தமிழ்க் காது டகரத்தையும் ளகரத்தையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது. கரைவலைக்காரர் கடற்கரையில் தங்குவது வாடி. தண்ணீர் அள்ளுவது வாளி. ஓர் ஒலி மாறினால் பொருள் மாறிவிடுகிறது. இப்படிப் பொருளை மாற்றும் ஒலியைத்தான் ஒலியன் என்கிறோம். ஒலியன்களைத் தாய்மொழிக்காரர் எளிதில் குழப்பிக்கொள்ள மாட்டார். மேலும், 'பர்ளு'வில் ளகரம் ஒரு மெய்க்குப் பின்னால் வருகிறது. 'ளுஹா'வில் சொல்லின் தலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ச் சொல் ளகரத்தில் தொடங்கவே கூடாது என்பது இலக்கணம். அந்த விதியையும் மீறி அங்கே ளகரம் நிற்கிறதென்றால், வந்த ஒலியிலேயே மருங்கொலித் தன்மை இருந்திருக்க வேண்டும்.

அறபிக்காரர்களின் பழைய இலக்கணமே இதற்குச் சாட்சி. பஸ்றாவில் வாழ்ந்து, ஏறத்தாழ 796இல் இறந்த சீபவைஹி பிறப்பால் பாரசீகர். அறபு இலக்கணத்துக்கு அடித்தளமான 'அல்-கிதாப்' அவருடையது. அதில் ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று வரிசைப்படுத்துகிறார். ளாத் பிறக்கும் இடம் நாவின் விளிம்புக்கும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் என்கிறார். கட்டுரையின் தொடக்கத்தில் உங்களுக்குக் குளிர்ந்த இடம் அதுதான். அந்த இடத்தில் பிறக்கும் வேறு எழுத்து அறபியில் இல்லை என்றும் அவர் சொல்கிறார். அதாவது எட்டாம் நூற்றாண்டு ளாத் ஒரு மருங்கொலி. இன்றைய கெய்ரோவின் ஒலி பின்னால் ஏற்பட்ட மாற்றம்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. லகரமும் ளகரமும் பிறப்பதைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியரும் நாவிளிம்பையே பேசுகிறார். விளிம்பு தடித்துப் பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம். ரகரத்துக்கும் ழகரத்துக்கும் வரும்போது விளிம்பை விட்டு நாநுனிக்கு மாறிவிடுகிறார். ஒருவரை ஒருவர் கேள்வியே படாத இரண்டு இலக்கணகாரர், இரண்டு மொழியில், தங்கள் வாயைத் தாங்களே கவனித்து ஒரே உறுப்பின் ஒரே ஓரத்தில் விரலை வைத்திருக்கிறார்கள். நுணுக்கத்தில் அவர்கள் சொன்ன இரு ஒலிகளும் ஒன்றல்ல. ளாத்தில் ஒரு கனமும் உரசலும் உண்டு, தமிழ் ளகரத்தில் அவை இல்லை. ஆனால் ளாத்தைக் கேட்ட தமிழ்க் காது, தன்னிடம் உள்ள ஒலிகளில் அதற்கு மிக நெருங்கியதை எடுத்துக் கொடுத்திருக்கிறது. பிழை என்று சொல்லப்பட்ட இடத்தில் இருப்பது நல்ல காது.

இதே சாட்சியம் வேறு கரைகளிலும் கிடைக்கிறது. மலாய் மொழியில் 'வேண்டியது' என்பதற்குப் 'பெர்லு' என்ற சொல். சந்தையிலும் அடுப்படியிலும் பேசும் சாதாரணச் சொல் அது, நம்முடைய 'பர்ளு'வேதான். மனம் ஒப்புவதற்கு அவர்கள் சொல்லும் 'ரெலா', அறபியில் 'ரிளா'. ஜாவாவில் 'ரமெலான்' என்று ஆண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். மலபாரில் நோன்பு மாதம் 'றமளான்'. மேற்கே போனால், ஆப்பிரிக்காவின் ஹௌசா மொழியில் நீதிபதி 'அல்காலி'. ஸ்பெயினில் ஊர்த் தலைவரை 'அல்கால்தே' என்கிறார்கள். எல்லாம் அறபுக் 'காளி'தான், நீதி சொல்பவர். ஸ்பானியக் காது அந்த ஒலியை ஒரே எழுத்தில் அடக்க முடியாமல் லகரமும் தகரமுமாகப் பிரித்துக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். அறபிகளே பெரும்பாலும் விட்டுவிட்ட ஒலியை, அவர்களிடம் கடன் வாங்கியவர்கள் வைத்திருக்கிறார்கள்.

தமிழுக்குள்ளேயே இந்த ஓர் எழுத்து மூன்று வழியாக வந்திருக்கிறது. றமளான், ரமலான், வுளு என்று மருங்கொலியோடு வந்தது கடல் வழி. பாரசீகத்தில் ளாத் 'z' ஒலியாகக் கரைந்துவிட்டது. அங்கிருந்து உருது வழியாகத் தரைமார்க்கமாக வந்தவை ரம்ஜான், ஹஸ்ரத். தமிழ்நாட்டு நாட்காட்டியில் 'ரம்ஜான்' என்று அச்சடித்திருக்க, அங்குள்ள முஸ்லிம்களின் நோன்புக் கஞ்சி நோட்டீசில் 'ரமலான்' என்று இருப்பது இதனால்தான். மூன்றாவது அச்சு வழி. ஆங்கிலத்திலும் இன்றைய அறபியிலும் இருந்து எடுத்த ரமதான், காதி. இலங்கையில் முஸ்லிம் விவாக, விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தைப் பத்திரிகைகள் ஒருநாள் காதி நீதிமன்றம் என்றும் இன்னொரு நாள் காழி நீதிமன்றம் என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஒரே சொல், ஏறிவந்த கப்பல்தான் வேறு.

கடல் வழிப் பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் வேறொன்றும் தட்டுப்படும். தமிழ்க் கரை, இலங்கை, மலபார், மலாய்த் தீவுகள். இந்தக் கரைகளில் பெரும்பான்மை ஷாபிஈ மத்ஹபு என்ற சட்ட மரபு. யெமன் கரையும் அதேதான். ரம்ஜான் என்று சொல்லும் வட இந்தியப் பரப்பு ஹனபி மத்ஹபு. ஓர் ஒலியின் வரைபடமும் ஒரு சட்ட மரபின் வரைபடமும் இவ்வளவு தூரம் பொருந்திவருவதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தெற்கு அறேபியாவில், அறபிக்கு உறவான மெஹ்ரி, சொகோத்ரி போன்ற மொழிகளில் மருங்கொலிகள் இன்னும் வழங்குகின்றன என்பதையும் இதோடு சேர்த்து வைக்கலாம்.

ஆனால் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. உம்மா சொன்ன 'லுஹரு'க்கு, அதாவது நண்பகல் தொழுகைக்கு, மீண்டும் போவோம். அந்தச் சொல்லின் முதலெழுத்து ளாத் அல்ல, ளா என்ற வேறொரு எழுத்து. குர்ஆனை மனனம் செய்தவரை 'ஹாபிழ்' என்கிறோமே, அதன் கடைசி எழுத்தும் அதுதான். சீபவைஹி கணக்கில் அது நாநுனியும் முன்பல்லும் சேர்ந்து பிறப்பது, பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு அதுவும் ஏன் நம்மிடம் ளகரமும் லகரமும் ஆனது? அறபிகள் வாயிலேயே இந்த இரண்டு எழுத்தும் வெகுகாலத்துக்கு முன் கலந்துபோயின. இரண்டையும் பிரித்துச் சொல்லக் கற்பிப்பதற்கென்றே நடுக்கால அறபு அறிஞர்கள் தனித்தனி நூல்கள் எழுதினார்கள். நன்றாகப் பிரிந்திருந்த ஒலிகளுக்கு யாரும் வழிகாட்டி நூல் எழுதுவதில்லை. ஆகவே இக்கரைக்கு வந்து சேர்ந்தது இரண்டும் ஒன்றாகிவிட்ட, ஆனால் பக்க ஒலியை இழக்காத ஓர் அறபு. கொண்டுவந்தது வியாபாரியா, ஓதிக்கொடுத்தவரா? நான் ஓதிக்கொடுத்தவர் பக்கம். நம் ளகரச் சொற்களில் பெரும்பாலானவை தொழுகை, நோன்பு, சட்டம் சார்ந்தவை. மிளகுக்கும் துணிக்கும் விலை பேசியவர்கள் கொண்டுவந்திருந்தால் அந்தப் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எழுதுவதில் இன்னொரு கூத்து. தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழ் கீழக்கரை, காயல்பட்டினம் முதல் இலங்கை வரை புழக்கத்தில் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அதில் நிறைய எழுதினார்கள். அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளி சேர்த்துப் புது எழுத்து உண்டாக்கினார்கள். ளகர வகை ஒலிக்கு அவர்கள் கைவைத்தது ளாத் எழுத்தின் மேல். அவர்கள் காதில் அந்த எழுத்து எப்படி விழுந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன எழுத்துச் சான்று வேண்டும்?

இன்று தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒருவர் றமழான் என்கிறார், ஒருவர் ரமளான் என்கிறார், சண்டையும் பிடிக்கிறார்கள். சண்டைக்கு அடிப்படை இல்லை. இந்தக் கரைப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. மழையை மளை என்றுதான் சொல்கிறோம். சொல்லும்போது ஒன்று, எழுதும்போது இரண்டு. அவரவர் விருப்பப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ழகரத்துக்குத் தமிழில் ஒரு தனி மவுசு இருப்பதால் படித்தவர் கை அதன் பக்கம் போகிறது என்று நினைக்கிறேன். சொல் முதலில் றகரத்தைப் போட்டு இலக்கணப் புலவர்களைக் கோபப்படுத்துவது இலங்கைத் தமிழ் எழுத்தில் பரவலாக உள்ள வழக்கம். அதை இங்கே தொடவில்லை.

ஒலியைத் தாண்டிச் சொல்லுக்குப் போனால் யார் வீட்டில் யார் விருந்தாளி என்பது தெளிவாகிறது. 'மௌத்' என்பது அறபியில் இறப்பு என்னும் பெயர்ச்சொல். அதோடு 'ஆகு' சேர்ந்து 'மௌத்தாகிட்டார்' என்று தமிழ் வினையாகிவிட்டது. ஆலிம் பலரானால் ஆலிம்மார், அப்பன்மார் அண்ணன்மார் மாதிரியே. அறபியில் ஆலிமின் பன்மை உலமா. அந்தப் பன்மையையும் எடுத்துக்கொண்டு, போதாதென்று 'கள்' சேர்த்து உலமாக்கள் என்கிறோம். அறபு படித்தவர்களும் கூட்ட அறிவித்தலில் அப்படித்தான் எழுதுகிறார்கள். சொல் எங்கிருந்து வந்தாலும் வேற்றுமை, பன்மை, காலம் எல்லாம் தமிழ். ஒரு மொழியின் முதுகெலும்பு சொற்பட்டியலில் இல்லை, இந்த ஒட்டுகளில் இருக்கிறது என்று மொழியியலாளர் சொல்வதை உலமாக்கள் என்ற ஒரு சொல்லிலேயே காட்டிவிடலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கழுவும் முறைக்கும் கடமையின் வகைக்கும் அறபுச் சொல் வைத்திருக்கும் இதே மக்கள், மார்க்கத்தின் மையமான செயல்களுக்குத் தமிழையே வைத்திருக்கிறார்கள். தொழுகை, நோன்பு, பள்ளி, பெருநாள், ஓதுதல். பள்ளியும் நோன்பும் சமண, பௌத்த காலத்திலிருந்தே தமிழில் புழங்கியவை.

காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் இடையில் இருப்பது ஒரு வெளிதான். காரைதீவு 1892இல் சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர், பெரும்பாலும் இந்துக்கள். இரண்டு ஊர்ப் பேச்சும் வெளியூர்க்காரர் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளூர்க்காரர் ஒரு வாக்கியத்தில் பிரித்துவிடுவார். அங்கே அம்மா, அப்பா, அண்ணன், அக்கா. இங்கே உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா. ஆனால் தம்பி, தங்கச்சி, மாமி, மச்சான், மருமகன் என்று வரும்போது இரண்டு ஊரும் ஒன்று. வீட்டுக்குள் மூத்தவர்களை அழைக்கும் சொற்கள் மாறியிருக்கின்றன. யாரை யார் கட்டலாம் என்று சொல்லும் உறவு வலையின் சொற்கள் அப்படியே இருக்கின்றன. தாய்வழிக் குடி முறையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வதும் இக்கரைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெரிய நூல் இதைப் பற்றியதே. அமைப்பு பொது, அடையாளச் சொல் வேறு என்பது மொழியிலும் அச்சொட்டாக அப்படியே இருக்கிறது.

மொழி ஒன்றாக இருந்தால் இனமும் ஒன்றா என்ற கேள்வி இந்த இடத்தில் வந்துதான் தீரும். 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். அவருடைய சான்றுகளில் மொழி முக்கியமானது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். அந்தத் தகராறு சட்டசபைப் பிரதிநிதித்துவத்தைப் பற்றியது, மொழியியலைப் பற்றியது அல்ல. மொழியியல் இதில் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம்: ஒருவர் பேசும் மொழி அவர் முன்னோர் யார் என்பதற்கு ஆவணம் ஆகாது, தாம் யார் என்று அவர் சொல்லிக்கொள்வதற்கு அது கருவியாக மட்டும் இருக்கும்.

அந்தக் கருவி எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதை 1963இல் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் ஒரு மீனவர் தீவில் காட்டினார். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் கோடைக்கு வரும் பணக்காரர்கள் நிலத்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சில ஈருயிர் ஒலிகளைத் தீவுக்காரர்கள் தனி விதமாகச் சொன்னார்கள். அந்த உச்சரிப்பு மங்குவதற்குப் பதிலாக வலுத்துவருவதை லபோவ் கண்டார். வலுவாகச் சொன்னவர்கள் மீன்பிடிக்காரர்கள், அதிலும் தீவை விட்டுப் போகமாட்டோம் என்று நின்றவர்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. தாம் அப்படிச் சொல்கிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

நம் ளகரமும் இப்போது அப்படி ஒரு கட்டத்தில் நிற்கிறது. வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள், அறபு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்துத் திரும்பியவர்கள், கைபேசியில் மக்காவின் தொழுகையை நேரடியாகக் கேட்டு வளரும் பிள்ளைகள் என்று காதுக்குப் புது ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். வீட்டில் 'வுளு' சொல்லும் அதே பிள்ளை மேடையில் வேறு ஒலி சொல்கிறது. பேச்சுக்கு ஒன்றும் சபைக்கு ஒன்றுமாக இரட்டை வழக்கில் வாழ்வதை 1959இல் மொழியியலாளர் சார்ள்ஸ் பெர்குசன் விளக்கியபோது அவர் எடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று அறபி. தமிழும் அப்படியே. நிந்தவூர்ப் பிள்ளைக்கு இரண்டு இரட்டை வழக்கு ஒரே நேரத்தில் வாய்த்திருக்கிறது, அதைப் பாராட்டுவார் யாருமில்லை. வேடிக்கை என்னவென்றால் வளைகுடா அறபிகள் ளாத்தையும் ளாவையும் ஒன்றாகவே பேசுகிறார்கள், எகிப்தியர் பேச்சு வேறு, குர்ஆன் ஓதும் உச்சரிப்பு விதிகளைச் சொல்லும் தஜ்வீத் நூலோ இன்றும் நாவின் பக்கத்தைத்தான் சுட்டுகிறது. 'சரியான' ளாத் எது என்று வட இந்திய மத்ரஸாக்களில் பத்வா கேட்கும் அளவுக்கு வாதம் நடந்திருக்கிறது. ஊரில் ஓதிக்கொடுத்த பழைய லெப்பையின் உச்சரிப்பைக் கேலி செய்கிறவர், அவருக்குப் பதிலாக வைப்பது எந்த ஊர் அறபியை என்று முதலில் சொல்லட்டும்.

இதை எல்லாம் ஒழுங்காக ஆராய வசதியான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. அங்கே இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அறபு மொழிக்கும் ஒரு பீடம், தமிழுக்குக் கலைப் பீடம். சீபவைஹியைப் படித்தவர் ஒரு கட்டிடத்திலும் தொல்காப்பியம் படித்தவர் இன்னொரு கட்டிடத்திலும் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு கைபேசி போதும். வாடியில் இருக்கும் முதியவர், வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ராத்தா, வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த காக்கா, ஏழாம் வகுப்புப் பிள்ளை என்று நாலு தரப்பையும் பேசவிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். 'வுளு எப்படிச் சொல்வீர்கள்' என்று நேராகக் கேட்டால் காரியம் கெட்டது. கேட்டவுடன் எல்லோரும் மௌலவி ஆகிவிடுவார்கள். போன வருட நோன்பில் சஹருக்கு என்ன சாப்பிட்டீர்கள், விட்ட நோன்பை எப்போது பிடித்தீர்கள் என்று கதை கேட்க வேண்டும். ளகரம் தானாக வரும். எந்த வயதில், எந்த வாயில், யார் முன்னால் அது தகரமாகிறது என்று எண்ணிப் பட்டியல் போடுவதே அடுத்த வேலை.